வீட்டுப் பிணைய விளம்பரத் தடுப்பு வழங்கி

வீட்டுப் பிணைய விளம்பரத் தடுப்பு வழங்கி என்பது ஒரு வீட்டிலுள்ள கணினி, நகர்பேசி, தொலைக்காட்சி முதலிய எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான பெயர் வழங்கியாகச் செயற்பட்டு, விளம்பரங்களையும் பின்தொடர் நிரல்களையும் அளிக்கும் இணையப் பெயர்களுக்கு மட்டும் உரிய முகவரியைத் தர மறுக்கும் சிறு கணினி ஆகும். ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே தடுப்பு மென்பொருளை நிறுவ வேண்டிய தேவை இதனால் இல்லாமற் போகின்றது. பை-ஹோல், அட்கார்டு ஹோம் ஆகியவை இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் கட்டற்ற மென்பொருள்கள் ஆகும்.

இவ்வழங்கி வீட்டின் இணையப் பயன்பாடு முழுவதற்கும் நடுவே அமர்கின்றது. ஆகவே இதில் ஏற்படும் சிறு பிழை கூட வீடு முழுவதற்கும் இணையம் அற்றுப்போனது போன்ற தோற்றத்தைத் தரும். உண்மையில் இணைப்பு நன்றாக இருக்கும்; பெயரை எண்ணாக மாற்றும் பணி மட்டுமே நின்றிருக்கும். இவ்விரண்டையும் பிரித்து அறிவதே பழுது நீக்கலின் அடிப்படை ஆகும்.

பின்னணி

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால் ஆன முகவரி கொண்டே அறிகின்றன. தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் அவற்றின் எண்களும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டு, ஒவ்வொரு கணினிக்கும் படியெடுக்கப்பட்டன. கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிசு ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். சுருக்கமாக டிஎன்எஸ் எனப்படும் இம்முறைமையின் இன்றைய அடிப்படை வரையறைகள் 1987ஆம் ஆண்டு வெளியாயின.

கருவிகளுக்கு முகவரியைத் தானாக ஒதுக்கும் நெறிமுறை டிஎச்சிபி எனப்படுகின்றது. இது 1993இல் வரையறுக்கப்பட்டு, 1997இல் திருத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டின் வரையறை ஒன்று, வீடு அலுவலகம் போன்ற தனியார் பிணையங்களுக்கென்று சில முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. வீட்டுத் திசைவிகளில் பொதுவாகக் காணப்படும் 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் இவ்வாறு வந்தவையே.

டிஎன்எஸ் முறைமையின் உச்சியில் 13 பெயர்களைக் கொண்ட மூல வழங்கிகள் உள்ளன. இவற்றின் படிகள் உலகெங்கும் பல இடங்களில் இயங்குகின்றன. 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் சென்னை, மும்பை, தில்லி ஆகிய நகரங்களில் மூல வழங்கிப் படிகள் நிறுவப்பட்டன. சென்னையில் அமைந்தது எஃப் என்னும் எழுத்தால் குறிக்கப்படும் மூல வழங்கியின் படி ஆகும்.

பை-ஹோல் மென்பொருளை அமெரிக்கரான ஜேக்கப் சல்மேலா உருவாக்கினார். அது 2015இல் வெளியானது. 2012 முதல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதால் இப்பெயர் அமைந்தது. சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சிறு வழங்கி நிரலின் மாற்று வடிவமே இதன் உள்ளே பெயர்களுக்கு விடையளிக்கின்றது. இதன் ஆறாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வெளிவந்தது.

செயற்படும் முறை

ஒரு கருவி பிணையத்தில் இணையும்போது அதற்கு முகவரி எதுவும் இல்லை. எனவே அது பிணையத்திலுள்ள அனைவரும் கேட்கும்படி ஒரு தேடல் பொதியை அனுப்புகின்றது. டிஎச்சிபி வழங்கி ஒரு முகவரியை முன்மொழிகின்றது. கருவி அதனைக் கோருகின்றது. வழங்கி ஒப்புகை அளிக்கின்றது. இந்த ஒப்புகையில் முகவரியோடு மேலும் மூன்று செய்திகள் அடங்கியிருக்கும்:

- வெளியுலகிற்குச் செல்லும் நுழைவாயிலின் முகவரி
- பெயர்களைக் கேட்க வேண்டிய பெயர் வழங்கியின் முகவரி
- இந்த ஒதுக்கீடு எவ்வளவு நேரம் செல்லும் என்னும் குத்தகைக் காலம்

குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பித்தல் கோரும். ஆகவே திசைவியில் பெயர் வழங்கியின் முகவரியை மாற்றினாலும், ஏற்கனவே இணைந்துள்ள கருவிகள் அதனை உடனே அறிவதில்லை. இதனை அறியாத பலர், சரியாகச் செய்த மாற்றத்தைத் தவறு என்று எண்ணி மீண்டும் மாற்றிக் குழப்பிக்கொள்கின்றனர். கருவியின் கம்பியில்லா இணைப்பை ஒருமுறை துண்டித்து இணைத்தால் போதுமானது.

முகவரி பெற்ற கருவி ஒரு தளத்தைத் திறக்கும்போது, அப்பெயரைத் தடுப்பு வழங்கியிடம் கேட்கின்றது. பெயர் தடைப்பட்டியலில் இருந்தால் வழங்கி 0.0.0.0 என்னும் வெற்று முகவரியை விடையாகத் தருகின்றது. விளம்பரம் வந்து சேர்வதில்லை. பட்டியலில் இல்லையெனில் மேல்நிலை வழங்கியைக் கேட்டு, விடையைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கருவிக்கும் அளிக்கின்றது. பக்கத்தின் உள்ளடக்கம் எதுவும் இவ்வழங்கி வழியே செல்வதில்லை. பெயர் பற்றிய கேள்வி மட்டுமே செல்கின்றது. இதனால்தான் மிகச் சிறிய கணினி கூட ஒரு வீட்டுக்குப் போதுமானதாக உள்ளது.

எடுத்துக்காட்டு அமைப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருச்சிராப்பள்ளி - மதுரை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள விராலிமலையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி இழை வழியே வரும் இணைப்பு, இணைய நிறுவனம் அளித்த திசைவிப் பெட்டியில் முடிகின்றது. வீட்டில் நான்கு நகர்பேசிகள், ஒரு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சி ஆகியவை உள்ளன. மகன் சென்னையில் பணிபுரிகின்றார். விடுமுறைக்கு வந்தபோது தடுப்பு வழங்கியை நிறுவிச் சென்றுள்ளார். பெற்றோரும் கல்லூரியில் படிக்கும் தங்கையும் வீட்டில் இருக்கின்றனர். இத்தகைய வீட்டில் முகவரிகளைப் பின்வருமாறு பிரித்து வைப்பது நன்று:

- திசைவி: 192.168.1.1
- தடுப்பு வழங்கி: 192.168.1.2, மாறாத முகவரி
- ஏனைய கருவிகள்: 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை, டிஎச்சிபி வழியாக

தடுப்பு வழங்கியின் முகவரி, தானாக ஒதுக்கப்படும் எல்லைக்கு வெளியே இருத்தல் வேண்டும். இல்லையெனில் அதே எண் ஒரு நகர்பேசிக்கும் சென்று, இரண்டும் மோதிக்கொள்ளும்.

பழுதைக் கண்டறியும் வரிசை

இணையம் வரவில்லை என்னும் முறையீடு எழும்போது பின்வரும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் பழுதின் இடத்தைச் சுருக்கும்.

1. கருவிக்கு முகவரி கிடைத்துள்ளதா? மடிக்கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளை இதனைக் காட்டும். 192.168.1 எனத் தொடங்கினால் சரி. 169.254 எனத் தொடங்கினால் டிஎச்சிபி வழங்கி விடையளிக்கவில்லை. கருவி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள்.
2. நுழைவாயில் எட்டுகின்றதா? பிங் கட்டளையால் 192.168.1.1 என்னும் முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும். விடை வராவிடில் கம்பி அல்லது கம்பியில்லா இணைப்பில் பழுது உள்ளது.
3. வெளியுலகம் எண்ணால் எட்டுகின்றதா? 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும். விடை வராவிடில் பழுது பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் பக்கம் உள்ளது. தடுப்பு வழங்கியைக் குறை கூற இயலாது.
4. பெயருக்கு விடை கிடைக்கின்றதா? என்எஸ்லுக்கப் கட்டளையில் ஒரே பெயரை முதலில் 192.168.1.2 இடமும், பின்னர் 8.8.8.8 இடமும் கேட்க வேண்டும். இரண்டாவது மட்டும் விடையளித்தால் பழுது தடுப்பு வழங்கியில் உள்ளது. இரண்டும் விடையளித்தும் தளம் திறக்காவிடில், கருவி வேறொரு பெயர் வழங்கியைக் கேட்கின்றது, அல்லது அத்தளத்திற்குத் தேவையான வேறொரு பெயர் தடைப்பட்டுள்ளது.

நான்காம் கேள்வியை முதலிலேயே கேட்டால், முகவரியே இல்லாத கருவியில் பெயர் வழங்கியின் பிழையைத் தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

பொதுவான பழுதுகள்

இரண்டு டிஎச்சிபி வழங்கிகள்

சில திசைவிப் பெட்டிகளில், கருவிகளுக்கு அறிவிக்கப்படும் பெயர் வழங்கியை மாற்ற இடமில்லை. அந்நிலையில் திசைவியின் டிஎச்சிபி பணியை நிறுத்தி, தடுப்பு வழங்கியிலேயே அப்பணியை இயக்குவது வழக்கம். திசைவியில் நிறுத்த மறந்தாலோ, மீளமைப்பின்போது அது மீண்டும் இயங்கத் தொடங்கினாலோ, பிணையத்தில் இரண்டு வழங்கிகள் இருக்கும். எந்த வழங்கி முந்தி விடையளிக்கின்றதோ அதனையே கருவி பெரும்பாலும் ஏற்கும். அதனால் ஒரு நகர்பேசியில் விளம்பரம் தடைப்படும். அடுத்த நகர்பேசியில் தடைப்படாது. மறுநாள் நிலைமை மாறும். மாடியில் கம்பியில்லா வீச்சை நீட்டிப்பதற்காக வைத்த பழைய திசைவியும் இவ்வாறே மூன்றாவது வழங்கியாக மாறிவிடுவதுண்டு. ஒரு பிணையத்தில் ஒரு டிஎச்சிபி வழங்கி மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது பொது விதி.

இரண்டாம் பெயர் வழங்கி

திசைவி அமைப்பில் பெயர் வழங்கிக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் தடுப்பு வழங்கியையும், பாதுகாப்பிற்கு என்று இரண்டாவதில் வெளி வழங்கி ஒன்றையும் இடுவது பலரும் செய்யும் பிழை ஆகும். இரண்டாவது வழங்கி முதலாவது பழுதுபட்டால் மட்டும் பயன்படும் என்பதற்கு உறுதி இல்லை. பல இயங்குதளங்கள் இரண்டையும் மாறி மாறியோ ஒருங்கேயோ கேட்கின்றன. விளைவாகத் தடுப்பு பாதியளவே செயற்படும். உண்மையான மாற்று ஏற்பாடு வேண்டுமெனில், அதே பட்டியலுடன் இரண்டாவது தடுப்பு வழங்கி ஒன்றை நிறுவ வேண்டும்.

வட்டச் சுழல்

தடுப்பு வழங்கியின் மேல்நிலை வழங்கியாகத் திசைவியையும், திசைவி தான் கேட்கும் வழங்கியாகத் தடுப்பு வழங்கியையும் அமைத்தால், ஒரே கேள்வி இரண்டுக்கும் இடையே முடிவின்றிச் சுற்றும். வினவல் பதிவேட்டில் ஒரே பெயர் நொடிக்குப் பலமுறை திசைவியின் முகவரியிலிருந்து வருவது இதன் அடையாளம். இரண்டு அமைப்புகளுள் ஒன்றையாவது வெளி வழங்கியை நோக்கித் திருப்ப வேண்டும்.

பதிப்பு 6 வழியாக நழுவுதல்

இணைய நெறிமுறையின் பதிப்பு 6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. 2016இல் சேவை தொடங்கிய ஜியோ வலையமைப்பு இதற்கு முக்கியக் காரணம் ஆகும். இப்பதிப்பில் திசைவி, டிஎச்சிபியின் துணையின்றியே, தன் அறிவிப்புப் பொதிகளில் பெயர் வழங்கியின் முகவரியையும் சேர்த்து அனுப்ப இயலும். எனவே பதிப்பு 4 அமைப்பு முழுவதும் சரியாக இருந்தும், கருவிகள் பதிப்பு 6 வழியே இணைய நிறுவனத்தின் பெயர் வழங்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும். கருவியின் பிணைய விவரத்தில் நீண்ட பதினறும எண்களாலான பெயர் வழங்கி முகவரி காணப்பட்டால் இதனை ஐயுற வேண்டும். திசைவியின் பதிப்பு 6 அறிவிப்பில் தடுப்பு வழங்கியின் உள்ளூர் முகவரியை இடுவது சிறந்த தீர்வு. அதற்கு இடமில்லாத திசைவிகளில் அந்த அறிவிப்பை மட்டும் நிறுத்துவர்.

மறையாக்கப்பட்ட பெயர் வினவல்

2018இல் வரையறுக்கப்பட்ட ஒரு முறையின்படி, உலாவி தன் பெயர் வினவல்களைப் பாதுகாப்பான இணையப்பக்கப் போக்குவரத்தோடு கலந்து 443ஆம் துறை வழியாக அனுப்ப இயலும். அதே ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 9 முதல், தனிப்பட்ட டிஎன்எஸ் என்னும் தெரிவு நகர்பேசிகளில் உள்ளது; அது 853ஆம் துறையைப் பயன்படுத்துகின்றது. இவ்விரண்டு வினவல்களும் வீட்டு வழங்கியைத் தொடாமலே வெளியேறும். வழங்கியின் பதிவேட்டில் ஒரு நகர்பேசியின் வினவல் எதுவுமே இல்லாதிருந்தால், அந்நகர்பேசியின் இத்தெரிவைச் சோதிக்க வேண்டும்.

மின்தடையும் கடிகாரமும்

ராஸ்பெரி பை கணினியின் நான்காம் வகை வரையிலான படைப்புகளில், மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் இல்லை. ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு. அதற்கான மின்கலம் தனியே வாங்கப்பட வேண்டும். கணினி அணைந்து மீண்டும் எழும்போது, கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றது. பின்னர் இணையத்திலுள்ள நேர வழங்கியைக் கேட்டுத் திருத்திக்கொள்கின்றது.

வழங்கியில் டிஎன்எஸ்செக் எனப்படும் கையொப்பச் சரிபார்ப்பு இயங்கினால், இங்கே ஒரு முடிச்சு விழுகின்றது. டிஎன்எஸ் விடைகளின் கையொப்பங்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. கடிகாரம் பல நாட்கள் பின்தங்கியிருந்தால், இன்றைய கையொப்பம் இன்னும் தொடங்கவே இல்லை என்று வழங்கி முடிவு செய்து விடையை நிராகரிக்கும். நேரத்தைத் திருத்த நேர வழங்கியின் முகவரி வேண்டும். அம்முகவரியை அறியப் பெயர் வினவல் வேண்டும். பெயர் வினவலுக்குச் சரியான நேரம் வேண்டும். இவ்வாறு ஒன்றையொன்று எதிர்பார்த்து எல்லாம் நின்றுவிடும்.

ஓரிரு மணி நேர மின்தடையில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. குடும்பத்தினர் பல நாட்கள் வெளியூர் சென்று கருவிகளை அணைத்து வைத்த பின்னரோ, நீண்ட மின்தடைக்குப் பின்னரோ எழுகின்றது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலால் புதுக்கோட்டை மாவட்டத்தின் பல பகுதிகளில் பல நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்தது. அத்தகைய தடை முடிந்து மின்சாரம் திரும்பும் நேரத்தில்தான் செய்தி அறிவதற்கு இணையம் மிகவும் தேவைப்படும். நேர வழங்கியை எண் முகவரியாலேயே குறித்து வைத்தல், மின்கலத்துடன் கூடிய சிறு கடிகாரச் சுற்றைப் பொருத்துதல் ஆகியவை இதற்கான தீர்வுகள் ஆகும்.

மின்தடையால் வரும் மற்றொரு கேடு நினைவக அட்டை பழுதாதல் ஆகும். பதிவேட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் அட்டையின் கோப்பு முறைமை சிதையலாம். திசைவிக்கும் வழங்கிக்கும் ஒரே மின்கலக் காப்பை அளிப்பதும், பதிவேட்டைச் சுருக்குவதும், அமைப்பின் படி ஒன்றை வேறிடத்தில் வைத்திருப்பதும் நன்று.

தேவையான தளம் தடைப்படுதல்

தடைப்பட்டியல்கள் தன்னார்வலர்களால் தொகுக்கப்படுபவை. அவற்றில் பிழைகள் இருக்கும். ஒரு கட்டணப் பக்கமோ தேர்வு விண்ணப்பப் பக்கமோ பாதியில் நின்றால், வழங்கியின் பதிவேட்டில் அந்நேரத்தில் தடைப்பட்ட பெயர்களைப் பார்த்து, தொடர்புடைய பெயரை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியல்கள் எண்ணிக்கையில் மிகுந்தால் தடுப்பும் அதே அளவு மிகும் என்பது தவறான எண்ணம், பிழைகளே மிகும்.

தமிழ் எழுத்துகளால் ஆன பெயர்களைக் கையாளும்போது தனிக் கவனம் தேவை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய உயர்நிலை ஆள்களங்கள் தமிழில் உள்ளன. ஆயினும் டிஎன்எஸ் வினவலில் தமிழ் எழுத்துகள் அப்படியே செல்வதில்லை. பியூனிக்கோடு என்னும் முறைப்படி இலத்தீன் எழுத்துகளும் எண்களும் கலந்த வடிவமாக மாற்றப்பட்டே செல்கின்றன. பதிவேட்டில் பொருளற்ற எழுத்துக் கோவை போலத் தோன்றும் பெயர் ஒரு தமிழ்த் தளத்தினுடையதாக இருக்கலாம். உறுதி செய்யாமல் அதனைத் தடுத்தல் கூடாது.

வரம்புகள்

இம்முறை பெயரை மட்டுமே பார்க்கின்றது. நிகழ்படமும் விளம்பரமும் ஒரே பெயரின் கீழ் வரும் யூடியூப் போன்ற தளங்களில் இதனால் விளம்பரத்தைப் பிரித்துத் தடுக்க இயலாது. தமக்குள்ளேயே ஒரு வெளி வழங்கியின் எண் பதிக்கப்பட்ட சில தொலைக்காட்சிகளும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. விளம்பர வருவாயை நம்பி இலவசமாக இயங்கும் தளங்களை இத்தகைய தடுப்பு நலிவடையச் செய்கின்றது என்னும் விமர்சனமும் உண்டு.

பாதுகாப்பும் அந்தரங்கமும்

வழங்கியின் 53ஆம் துறையைத் திசைவி வழியே வெளியுலகிற்குத் திறந்து வைத்தல் கூடாது. அவ்வாறு திறந்த வழங்கிகளை, பிறர் மீது பெரும் போக்குவரத்தை ஏவும் தாக்குதல்களுக்குப் பயன்படுத்துகின்றனர். வெளியூரிலிருந்து பராமரிக்க வேண்டுமெனில் மெய்நிகர் தனியார் பிணையம் வழியாக மட்டும் அணுக வேண்டும்.

வினவல் பதிவேடு, வீட்டில் யார் எந்நேரத்தில் எந்தத் தளத்தைத் தேடினார் என்பதைக் காட்டக்கூடியது. விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வதைத் தவிர்க்க நிறுவிய கருவி, வீட்டிலுள்ளோரைப் பின்தொடரும் கருவியாக மாறிவிடலாம். பை-ஹோலில் பதிவின் விவரத்தைக் குறைக்கும் அந்தரங்க நிலைகள் உள்ளன. பதிவேடு இருப்பதை வீட்டாருக்கு முன்பே தெரிவிப்பது முறை ஆகும்.

மீட்பு ஏற்பாடு

மேற்கூறிய விராலிமலை வீட்டில் அமைப்பை அறிந்தவர் ஒருவரே. அவரும் வெளியூரில் இருக்கின்றார். வழங்கி நின்ற நாளில் தங்கைக்குத் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளாக இருக்கலாம். ஆகவே, அறியாதவரும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை நிறுவும்போதே அமைத்திருத்தல் வேண்டும். இதற்கு எளிய முறை, பின்வரும் குறிப்புகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் திசைவியின் மேல் ஒட்டி வைப்பதாகும்:

1. முதலில் இரண்டு பெட்டிகளையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துத் திசைவியையும், அதன் விளக்குகள் நிலைபெற்ற பின் வழங்கியையும் இயக்குக.
2. அவசரமெனில் நகர்பேசியின் சொந்த இணைய இணைப்பைப் பயன்படுத்துக.
3. பயன் இல்லையெனில் திசைவியின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, டிஎச்சிபி பணியை இயக்கி, பெயர் வழங்கியைத் தானியங்கு நிலைக்கு மாற்றுக.
4. வழங்கியின் கம்பியைக் கழற்றுக. எல்லாக் கருவிகளிலும் கம்பியில்லா இணைப்பை அணைத்து மீண்டும் இயக்குக.

திசைவியின் கடவுச்சொல் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருத்தல் வேண்டும். நான்காம் படிக்குப் பின் விளம்பரங்கள் திரும்பி வரும். இணையமும் திரும்பி வரும். வழங்கியின் பழுதைப் பின்னர் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். நிறுவியவர் ஊர் திரும்பும் முன், இத்தாளைக் கொண்டு வீட்டாரே ஒருமுறை செய்து பார்த்தல் இன்றியமையாதது. செய்து பார்க்காத மீட்பு ஏற்பாடு வேண்டிய நாளில் உதவும் என்று நம்ப இயலாது.

இவற்றையும் பார்க்க

- ஆள்களப் பெயர் முறைமை
- திசைவி
- கட்டற்ற மென்பொருள்
- ராஸ்பெரி பை